வீடு வந்து இறந்த அரசர்

பேசாலை, மன்னார்
3 செப்ரெம்பர் 2003

அன்பின் மலருக்கு,

நீயும், எங்கிருந்தாலும் என் தம்பியும் சுகமாய் இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். எனக்கு முழங்கால் நோவும் காது மந்தமும் தவிர வேறு குறையில்லை. ரெலிபோனில் நீ கதைத்தால் கிணற்றுக்குள் யாரோ இருமுகிற மாதிரிக் கேட்கிறது. ஆகவே கடிதமே எழுது.

ஆவணித் திருவிழாவுக்கு உங்கள் கோவில் பியற்றிஸ் வந்தாள். சமாதானம் வந்தாலும் வந்தது, லண்டனே மடுவுக்குள் நிற்கிறது. பூசை முடிய என்னோடு வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்கடை மச்சாளைப் பற்றி நீங்கள் கவலைப்படாதேங்கோ அக்கா. ஒரு வருசமும் விடாமல் நாயகண்ணையின்ரை கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்திறவ."

"ஆரின்ரை கல்லறை?" என்றேன்.

"நாயகண்ணையின்ரை. லண்டனிலை, எங்கடை மிச்சத்துச் சேமக்காலையிலை."

மலர், உன்னைக் கட்டிய என் தம்பி கிறிஸ்துநாயகம் தொண்ணூறாம் ஆண்டு இந்தக் கரையில் வள்ளம் ஏறினான். இராமேசுவரம் போய், அங்கிருந்து உன்னிடம் வர. நீ அப்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்தாய். அந்த வள்ளம் கரை சேர்ந்ததாகவும் ஒருவர் சொல்லவில்லை, கடலில் தாழ்ந்ததாகவும் ஒருவர் சொல்லவில்லை. இன்றைக்கும் அவனுடைய சாப்பாட்டுப் பீங்கானைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அவன் வந்தால் தள்ளித் திறக்கட்டும் என்று வாசல் படலைக்குக் கொளுக்கி போடுவதில்லை.

அவன் உன்னிடம் வந்து சேர்ந்தானா? வந்து, செத்து, எனக்குச் சொல்லாமல் புதைத்துவிட்டாயா? அந்தக் கல்லறை யாருடையது?

உன் மறுமொழிக்குக் காத்திருக்கும்
மரியநாயகி


மிச்சம், சறே
29 செப்ரெம்பர் 2003

அன்பின் மச்சாளுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்காலுக்கு ஒத்தடம் மட்டும் போதாது, மன்னார் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்க்கவேண்டும். இங்கே இலை உதிரத் தொடங்கிவிட்டது. சட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஆள் குறைவு. இரண்டு பேருடைய வேலையை நான் பார்க்கிறேன். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பியற்றிஸ் அக்கா நிறையக் கதைப்பவர். நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டுக் கஸ்பர் இன்னும் கடலுக்குப் போகிறாரா? கேட்டதாகச் சொல்லுங்கள்.

மலர்


பேசாலை
20 ஒக்ரோபர் 2003

அன்பின் மலருக்கு,

நீயும், எங்கிருந்தாலும் என் தம்பியும் சுகமாய் இருக்கவேண்டும்.

உன் கடிதத்தில் என் முழங்கால் இருக்கிறது, இலை இருக்கிறது, பஸ் இருக்கிறது, கஸ்பரும் இருக்கிறான். நான் கேட்டது மட்டும் இல்லை. முப்பது வருசம் பெண்பிள்ளைகளுக்குத் தையல் படிப்பித்தவள் நான். கேள்விக்குப் பதில் தெரியாதவள் யார், தெரிந்தும் சொல்லாதவள் யார் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லுவேன்.

மரியநாயகி


மிச்சம்
9 நவெம்பர் 2003

அன்பின் மச்சாளுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நாயகம் இங்கே வரவில்லை. அந்தக் கல்லறை அவருடையதல்ல. யாருடையது என்று போன ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கே தெரியாது.

ஆத்துமாக்கள் திருநாளில் எங்கள் பங்குக்காரர் எல்லாரும் சேமக்காலைக்குப் போவது வழக்கம். பங்குச் சுவாமி ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். நான் முதல்முறை போனபோது எல்லாருக்கும் அங்கே ஒரு கல்லறையாவது இருந்தது. நான் கையில் மெழுகுதிரியோடு நின்றேன். வேலிக்கரையில் புல் மூடிய ஒரு கல் கிடந்தது. பெயர் இல்லை. ஒரு முரசு செதுக்கியிருந்தது. அதன் கீழ் 1912 என்றும், பிறகு ஒரு கோடும். கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த வெறும் இடத்தைப் பார்த்துத்தான் மெழுகுதிரியை அங்கே வைத்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

பியற்றிஸ் அக்காவைக் கோவில் வாசலில் பிடித்துக் கேட்டேன். "என்ன கதை சொன்னனீங்கள் மச்சாளுக்கு?"

"எடி, உள்ளதைத்தானே சொன்னன்!"

"கல்லிலை 1912 எண்டு கிடக்கு. நாயகம் அப்பவோ பிறந்தவர்?"

"நான் செபிக்கவெல்லோ வாறனான், கணக்குப் பார்க்கவே? இவ்வளவு காலமும் பக்கத்திலை நிண்டு செபமாலை சொன்னனான். ஒரு நாளாவது நீ இல்லையெண்டு சொன்னனியா?"

சொல்லவில்லைதான்.

இந்த வருசம் நான் போனபோது கல்லுக்கு முன்னால் ஒரு வயோதிபர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆபிரிக்கர். பெயர் கபோண்டே. லீட்ஸில் இருக்கிறாராம். "எங்கள் அரசருக்கு நீங்கள் என்ன முறை?" என்று கேட்டார்.

"ஒரு முறையுமில்லை."

"பிறகேன் விளக்கு வைக்கிறீர்கள்?"

"இங்கே ஒருவரும் வருவதில்லை" என்றேன். அதைக் கேட்டு அவருடைய முகம் சுருங்கிவிட்டது.

கபோண்டே அந்த அரசருடைய தங்கையின் மகன். லுமேரா என்று ஏரிக்கரையில் ஒரு சிறிய அரசு. அறுபதுகளில் பட்டாளம் அரசரைத் துரத்திவிட்டது. இந்த மிச்சத்தில்தான், கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் இருந்து இறந்தாராம். இப்போது அங்கே புதிய அரசாங்கம் அவரைத் திரும்பவும் அரசராக்க ஒப்புக்கொண்டிருக்கிறது.

"இறந்தவரையா?" என்று கேட்டேன்.

"அவர் இறந்ததாக நாங்கள் இன்னும் சொல்லவில்லையே" என்றார்.

மலர்


பேசாலை
26 ஜனவரி 2004

அன்பின் மலருக்கு,

நீயும், எங்கிருந்தாலும் என் தம்பியும் சுகமாய் இருக்கவேண்டும்.

மார்கழி முழுக்க உனக்கு எழுத மனம் வரவில்லை. ஆத்துமாக்கள் திருநாளில் திரி கொளுத்துவது யாருக்கு? செத்தவர்களுக்கு. இத்தனை வருசமாக நான் இங்கே அவன் வருவான் என்று பீங்கான் கழுவ, நீ அங்கே அவனைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டு எனக்கு இலை உதிர்கிறதென்று எழுதியிருக்கிறாய். உன் கடிதங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலாவது முதல் வரியில் அவனைச் சுகம் கேட்கவில்லை. நான் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேனே.

பாலன் பிறந்த நத்தார்ப் பூசையில் கோவில் வாசலில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். அந்த நிலைக்குக் குனிந்து வருகிற உயரம் இந்த ஊரில் என் தம்பிக்கு மட்டும்தான். நான் எழும்பிவிட்டேன். பார்த்தால் கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கஸ்பர் வந்து என் கையைப் பிடித்து இருத்தினான்.

அது நிற்க. செத்த அரசனைச் சாகவில்லை என்று எப்படி அவ்வளவு காலம் வைத்திருந்தார்கள்? பைத்தியக்காரர்களா?

மரியநாயகி


மிச்சம்
7 மார்ச் 2004

அன்பின் மச்சாளுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் கோபம் நியாயமானது. அதைப்பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்டதைக் கபோண்டேயிடம் கேட்டேன். போன சனிக்கிழமை என்னுடைய வீட்டுக்கே வந்திருந்தார். என் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "உங்கள் நாட்டிலிருந்துதானே தேயிலை வருகிறது, பிறகு ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்கிற ஆள். அவர் சொன்னது இதுதான். லுமேராவில் அரசர் தன் வீட்டில் மட்டும்தான் இறக்கலாம். வெளியில் மூச்சு நின்றால் அது சாவு அல்ல, பயணம். ஆகவே அரண்மனையில் ஒவ்வொரு நாளும் அவருக்குச் சாப்பாடு வைத்தார்கள். அவருடைய ஆசனத்தின் முன்னால் நின்று ஊர்ச் செய்தி சொன்னார்கள். அழுதால் குற்றம். அவருடைய மகனுக்குத் தலை நரைத்துவிட்டது, இன்னும் இளவரசர்தான். கல்லில் கோட்டுக்குப் பிறகு ஒன்றும் வெட்டாததும் அதனால்தான்.

இனி எலும்பைக் கொண்டுபோய் ஆசனத்தில் ஏற்றி, முரசு அடித்து, ஒரு நாள் முழுக்க அவரை அரசராக வைத்திருப்பார்கள். மறுநாள் அவர் இறந்ததாகச் சொல்வார்கள். அன்றைக்குத்தான் பெண்கள் வாய்விட்டு அழலாம்.

நான் விஞ்ஞானம் படித்தவள். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை என்று அவரிடமும் சொன்னேன். "உங்கள் நம்பிக்கையை நாங்கள் கேட்கவில்லை" என்றார். "விளக்கு வைத்தவர்தான் அதை அணைக்கவேண்டும். இல்லாவிட்டால் அவர் அந்த வெளிச்சத்தை விட்டு வரமாட்டார்." நான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

மலர்


பேசாலை
12 ஏப்ரல் 2004

அன்பின் மலருக்கு,

நீயும், எங்கிருந்தாலும் என் தம்பியும் சுகமாய் இருக்கவேண்டும். நேற்று உயிர்த்த ஞாயிறு. பூசைக்குப் போய் வந்தேன், மனம் பூசையில் நிற்கவில்லை.

போய் விளக்கை அணைத்துக் கொடு. ஒரு மனிசன் வீட்டுக்குப் போவதை நீ ஏன் மறிக்கிறாய்?

அந்தப் பெரியவரிடம் எனக்காக ஒன்று கேள். எலும்பும் இல்லாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

மரியநாயகி


மிச்சம்
20 ஜூன் 2004

அன்பின் மச்சாளுக்கு,

நான் சுகம். நீங்கள் முழங்காலைப் படம் எடுத்தீர்களா?

அரசர் போய்விட்டார். விடியற்காலையில், பச்சைத் திரைகளைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் தோண்டினார்கள். சட்டம் அப்படி. கபோண்டே, சாம்பல் கோட்டுப் போட்ட நரைத்த இளவரசர், கவுன்சிலிலிருந்து ஒரு பெண், நான். மெழுகுதிரியைக் கொளுத்தி, பிறகு விரலால் அணைக்கச் சொன்னார்கள். ஊதக்கூடாதாம். அவருடைய பயணத்தில் இன்னொருவருடைய மூச்சுக் கலந்துவிடுமாம். அணைத்தபோது சுட்டது. அணைத்த கையோடு நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று கபோண்டே பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரியைக் கைப்பைக்குள் வைத்தேன். பெட்டி வெளியே வந்தபோது ஈர மண்ணின் வாசம்தான் வந்தது. நான் பயந்த வாசம் ஒன்றும் வரவில்லை.

வெளியே வரும்போது புல்லு வெட்டுகிற மனிதர் என்னை மறித்து, "புதன்கிழமைகளில் வருகிற உயரமான ஆளுக்குச் சொல்லிவிட்டீர்களா? உங்கள் கணவர்தானே?" என்று கேட்டார். ஒன்றும் வைக்கமாட்டாராம். கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போவாராம். கபோண்டேயாக இருக்கும் என்று நினைத்தேன். "நான் லீட்ஸுக்குப் போனபிறகு போன நவெம்பரில்தான் முதல்தரம் வந்தேன்" என்றார் அவர். பக்கத்துக் கல்லறைக்காரர் யாராவது இருக்கலாம். வேலிக்கரை என்றபடியால் அங்கே எல்லாரும் நின்று சிகரெட் பிடிப்பார்கள்.

நீங்கள் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். எனக்கு இதில் அபிப்பிராயம் இல்லை. எலும்பும் இல்லாவிட்டால், போனவர் கடைசியாக விட்டுவைத்த பொருளை எடுக்கவேண்டும். அவர் எந்த வழியால் போனாரோ அந்த வழியால் அதைக் கொண்டுவரவேண்டும். அவருடைய இரத்தத்தில் ஒருவர் எதிரே நின்று "வந்துவிட்டாய்" என்று சொல்லவேண்டும். ஒரு நாள் அவர் தன்னுடைய இடத்தில் இருப்பார். மறுநாள் அழலாம்.

மலர்


மிச்சம்
22 ஓகஸ்ட் 2004

அன்பின் மச்சாளுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. சுகமில்லையோ என்று யோசனையாக இருக்கிறது. கஸ்பரைக் கொண்டாவது இரண்டு வரி எழுதுவியுங்கள்.

லுமேராவிலிருந்து கபோண்டே ஒரு படம் அனுப்பியிருக்கிறார். ஆசனத்தில் பெட்டி. அதன்மேல் சிறுத்தைத் தோல். முன்னால் நிலத்தில் முகம் பட விழுந்து கும்பிடுகிற சனம். ஒருவர் கையை உயர்த்திப் பெட்டிக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். இத்தனை வருசத்து மழை, விளைச்சல், கலியாணம், சாவு எல்லாவற்றையும் அறிவித்தாராம். மாலைவரை நடந்ததாம். படத்தில் எல்லாருடைய முகத்திலும் சந்தோசம். மறுநாள் எடுத்த படத்தை அவர் அனுப்பவில்லை.

மச்சாள், போன கடிதத்தில் நான் எழுதியதை வைத்து நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம். அது அவர்களுடைய வழக்கம். சும்மா கேட்டீர்கள் என்று நினைத்து எழுதிவிட்டேன். ஏதாவது செய்வதாக இருந்தாலும் நான் லீவு எடுத்துக்கொண்டு வரும்வரை பொறுங்கள். தயவுசெய்து பொறுங்கள்.

மலர்


பேசாலை
4 ஒக்ரோபர் 2004

அன்பின் மலருக்கு,

நீ சுகமாய் இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன்.

உன் கடிதம் செப்ரெம்பர் நடுவில்தான் வந்தது. அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. என்னோடு கோபிக்காதே.

அவன் போன அன்று கழற்றித் தோய்த்துக் கொடியில் விட்டுப்போன வெள்ளைச் சேட்டு என்னிடம் இருந்தது. அதைக் கஸ்பரிடம் கொடுத்தேன். "என்னக்கா, விசர்வேலை?" என்றான். "கரையிலையிருந்து போனவனைக் கரையாலை கொண்டு வா" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு வள்ளத்தைத் தள்ளினான். வெளிக்கடலுக்குப் போய்த் திரும்பி வந்தான். நான் கரையில் நின்றேன். வள்ளம் மணலில் முட்டியதும் "வந்திட்டாயடா" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. வாய் நிறையச் சிரிப்பு வந்தது. கஸ்பர் சேட்டை இரண்டு கையிலும் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தான். வழியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அவனுடைய கதிரையில் இருத்திச் சோறும் பாரைக் குழம்பும் வைத்தேன். ஊர்ச் செய்தி எல்லாம் சொன்னேன். அம்மா செத்ததைச் சொன்னேன். நீ ஆஸ்பத்திரியில் வேலை என்று சொன்னேன். குசினிக்குப் போய்த் தண்ணி எடுத்துக்கொண்டு வர, பீங்கானில் பாதிச் சோறு இல்லை. "பூனையக்கா" என்றான் கஸ்பர். பூனையாகத்தான் இருக்கும்.

மறுநாள் சுவாமியிடம் போய்த் துக்கமணி அடிக்கச் சொன்னேன்.

"ஆருக்கு?"

"தம்பிக்கு."

"சடலம் வந்ததா?"

"ஆள் வந்திட்டான், சுவாமி."

அவர் தானே போய் மணிக்கயிற்றைப் பிடித்தார். அப்போதுதான் அழுதேன். ஊரே வந்துவிட்டது.

அந்தப் புதன்கிழமை மனிதரைப் பற்றி எழுதியிருந்தாய். அதையும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உயரமான ஆட்கள் உலகத்தில் எத்தனையோ பேர். இனி ஒவ்வொருவருக்காகவும் எழும்பி நிற்க எனக்கு முழங்கால் இல்லை.

இப்போது படலைக்குக் கொளுக்கி போட்டுவிட்டுப் படுக்கிறேன். நித்திரை வருகிறது. நீயும் இந்த முறை மனம் கூசாமல் திரி கொளுத்து. அவன் எங்களுடைய செத்தவன்.

மரியநாயகி


மிச்சம்
10 நவெம்பர் 2004

அன்பின் மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எதையோ விட்டுவிட்டு வாசிக்கிறேன் என்று நினைத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டும் வாசித்தேன்.

ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பியற்றிஸ் அக்காவோடு போனேன். அந்தக் கல் இல்லை. குழியை நிரப்பிய மண் கொஞ்சம் தாழ்ந்து, மேலே புதுப் புல்லு. சுவாமி அதைக் கடந்து போய்விட்டார். அங்கே மந்திரிக்க ஒன்றுமில்லைத்தானே. மெழுகுதிரியை எடுத்தேன். நெருப்புக்குச்சியும் இருந்தது. காற்றும் இல்லை.

"எடி, கொளுத்தன்" என்றார் பியற்றிஸ் அக்கா. "கையிலை வைச்சுக்கொண்டு என்னத்தை யோசிக்கிறாய்? ஊரிலை மணியும் அடிச்சாச்சாம்."

"ஓம்" என்றேன். கொளுத்த முடியவில்லை. இப்போது அந்த மெழுகுதிரி என் குசினி மேசையில் கிடக்கிறது.

அவர் இறந்துவிட்டார் என்று இத்தனை வருசமாக எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது என்று நினைத்தேன். நீங்கள் காத்திருந்தபடியால் எனக்குக் காத்திருக்கத் தேவைப்படவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது.

கல் போனபிறகும் அந்த உயரமான ஆள் வருகிறாரா என்று புல்லு வெட்டுகிற மனிதரிடம் கேட்கவேண்டியிருந்தது. கேட்டேன். பதில் சொன்னார்.

ஆய்வுகூடத்தில் ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். இனிப் புதன்கிழமைகளில் எனக்கு வேலையில்லை. வேலிக்கரையில் உட்கார ஒரு மர வாங்கு இருக்கிறது. குளிர்தான், ஆனாலும் கொஞ்சம் வெயில் படும். போன புதன்கிழமை சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருந்தேன். கொஞ்சம் கூடவே கட்டினேன்.

உங்கள் முழங்காலைக் கவனியுங்கள். படலைக்குக் கொளுக்கி போட்டே படுங்கள். நீங்கள் நித்திரை கொள்ளவேண்டும்.

நீங்களும், எங்கிருந்தாலும் அவரும், சுகமாய் இருக்கவேண்டும்.

மலர்